கை நனைக்காமல் கென்ட் பார்த்த கதை

"எந்தெந்தக் கோட்டைகளைப் பார்க்கப் போகிறீர்கள்?" என்று லண்டன் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்டார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தபடி கேட்டார். என் கையில் இருந்தது புத்தம் புதிய கனடாக் கடவுச்சீட்டு. அதற்கு முதல் நான் எல்லைகளைக் கடந்தபோது கையில் இருந்தவற்றைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதுதான் எல்லோருக்கும் நல்லது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தேன் என்றால் எந்தச் சட்டமும் என்னைத் தடுத்திருக்காது. ஆனால் அகதியாக ஊர் ஊராக அலைந்தவனுக்கு, சீருடை போட்ட ஒருவரைக் கண்டால் உண்மை வாயில் வராது. பழக்கதோஷம். "சரித்திரம் பார்க்க வந்தேன். கென்ட் மாவட்டத்துச் சரித்திரம்" என்று சொல்லிவிட்டேன். விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்காரி விட்டுப்போன சஞ்சிகையில் அந்த மாவட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் வாசித்திருந்தேன். "டோவர் கோட்டை" என்றேன். "பிறகு?" என்றார். "மற்றக் கோட்டைகள்" என்றேன். அவர் முத்திரையைக் குத்திவிட்டு, மழைக்கோட்டு கொண்டுவந்தீர்களா என்று விசாரித்தார். கொண்டுவரவில்லை. பொய் சொன்ன வாய்க்கு அடுத்த மூன்று நாளும் கோட்டையும் கொத்தளமும் மழையுமாகத் தண்டனை கிடைத்தது.

விஷயம் இதுதான். ரொறன்ரோவின் ஒரு பகுதியான ஸ்காபரோவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் அம்மா, தங்கை வதனி, நான் என்று மூன்று பேர் இருக்கிறோம். வதனிக்கு முப்பத்துநான்கு வயது. மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் கம்பியூட்டருக்குள் வைக்கும் தகடுகளைப் பொருத்துகிறாள். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்து, சமைத்து, அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போய், என் சேட்டுகளையும் அயன் பண்ணுவாள். அம்மா பார்த்த சம்பந்தங்களை அம்மாவே தட்டிக் கழித்தார். ஒருவருக்குச் சாதகம் பொருந்தவில்லை, ஒருவருக்கு ஊர் பொருந்தவில்லை, ஒருவர் கலியாண வீட்டு வீடியோவில் இரண்டு தரம் சாப்பாட்டு வரிசையில் நின்றது தெரிந்தது. கடைசியில் கென்டிலிருந்து குகதாசனின் படம் வந்தது.

முப்பத்தெட்டு வயது, பெற்றோல் ஷெட்டில் மனேஜர், சாதகம் எட்டுப் பொருத்தம். படத்தில் ஒரு இடிந்த மதில் தெளிவாகத் தெரிந்தது. மாப்பிள்ளை ஓரத்தில் நின்றார். வதனி படத்தை வாங்கிப் பார்த்தாள். "போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள். அந்தக் குரலில் விருப்பமும் இல்லை, வெறுப்பும் இல்லை. இதுவும் தவறினால் இனி ஒருவரும் படம் அனுப்பப் போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அம்மா எனக்கு இரண்டு கட்டளைகள் போட்டார். முதலாவது, மாப்பிள்ளை ரொறன்ரோவுக்கு வந்து இருப்பாரா என்று கேட்டு அறிவது. இரண்டாவது, கை நனைக்காமல் திரும்புவது. எங்கள் பகுதியில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், பேச்சு முற்றாகும்வரை அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

"தேத்தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணி பரவாயில்லை. விசுக்கோத்து வேண்டாம்" என்றார் அம்மா.

"கடையில வாங்கித் தந்தால்?"

"கடை கடைதானே. அவன்ர சட்டியில இருந்து ஒண்டும் வாயில வைக்காதை. பிறகு நாங்கள் வழிக்கு வந்திட்டம் எண்டு நினைப்பான்."

ஸ்காபரோவுக்கு வந்தபின் அம்மா கைவிட்ட வழக்கங்களை எண்ணினால் விரல் போதாது. வெள்ளிக்கிழமையில் பீட்சா சாப்பிடுகிறார். ராகுகாலத்தில் லொத்தர் சீட்டு வாங்குகிறார். இந்த ஒன்று மட்டும் எப்படியோ விசா எடுத்து எங்களோடு வந்து சேர்ந்துவிட்டது.

மாப்பிள்ளை இருந்த ஊரின் பெயர் சான்ட்விச். சத்தியமாக அதுதான் பெயர். அங்கே போகும் ரயிலில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லவேண்டும். ரொறன்ரோச் சுரங்க ரயிலில் கதவு தானே திறக்கும், தானே மூடும். நான் அந்த நினைப்பில் கதவுக்கு முன்னால் சூட்கேசுடன் நின்றேன். ஸ்டேசன் வந்தது, ரயில் நின்றது, கதவு திறக்கவில்லை. உட்பக்கம் பிடியே இல்லை. நான் மரியாதையாகக் காத்திருந்தேன். ரயில் புறப்பட்டுவிட்டது. பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி இதை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பிடியைத் திருகவேண்டும், அன்பரே." பாதி உலகத்தை ஆண்டவர்களுக்கு ரயில் கதவின் உள்ளே ஒரு பிடி வைக்க நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த ஸ்டேசனில் இறங்கித் தொலைபேசி எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் குகதாசன் தன்னுடைய சின்னக் காரில் வந்து சேர்ந்தார். மெலிந்த உருவம், நரைக்கத் தொடங்கிய மீசை, முழங்கால்வரை மழைக்கோட்டு. "முதல் தரம் எல்லாருக்கும் உப்பிடித்தான் அண்ணை. நான் ரெண்டு ஸ்டேசன் தாண்டிப் போனனான்" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். அடுத்த வசனமே, "வீட்டை போக முதல் ஊரை ஒருக்காச் சுத்திப் பாப்பமே?" என்று வந்தது.

சான்ட்விச் ஒரு துறைமுகம். கடல் மட்டும் இல்லை. ஒரு காலத்தில் அரசர்களின் கப்பல்கள் வந்துபோன இடமாம். பிறகு மண் சேர்ந்து சேர்ந்து கடல் இரண்டு மைல் தள்ளிப் போய்விட்டது. குகதாசன் இதைச் சொன்ன விதத்தில், கடல் போன நாள் அவரும் கரையில் நின்று கையசைத்திருப்பார் போலிருந்தது. தெருக்கள் ஒடுக்கம். மரச்சட்டம் போட்ட வீடுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் தெருவுக்குள் சாய்ந்திருக்கின்றன. ஸ்காபரோவில் ஒரு வீடு இந்த அளவுக்குச் சரிந்தால் நகரசபை வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும். இங்கே பித்தளைத் தகடு அடித்து விடுகிறார்கள். கதவு நிலைகள் உயரம் குறைவாக இருந்தன. மூன்று இடங்களில் தலையை இடித்தேன். மூன்றும் வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த நிலைகள் என்று குகதாசன் தெளிவுபடுத்தினார்.

வழியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் என்னைக் கேட்கவில்லை, குகதாசனைத்தான் கேட்டார்கள். தேவாலயத்துக்கு எந்தத் தெரு, அதன் கோபுரம் ஏன் இப்படி இருக்கிறது என்று. அவர் கோபுரம் இடிந்து விழுந்த கதையிலிருந்து தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருட்களைக் காட்டும் அந்த ஊரின் சின்ன நூதனசாலையில் சம்பளம் இல்லாமல் வழிகாட்டியாக நிற்கிறாராம். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டாவது வேலை செய்வார்கள், அல்லது அஜின்கோர்ட் தமிழ்க் கடைத்தெருவில் காரை நிற்பாட்ட இடம் தேடுவார்கள். சம்பளம் இல்லாமல் அந்நியனின் சுவருக்குக் காவல் நிற்கிற ஒருவரை நான் அன்றுதான் கண்டேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற கவலை அப்போதே பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குப் போனோம். சுத்தமான சின்ன வீடு. மேசையில் இரண்டு சோற்றுக் கோப்பை, இரண்டு தம்ளர், மூடி வைத்த சட்டி. மூடிக்குள்ளிருந்து நண்டுக்கறி மணந்தது. முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. முருங்கையிலைக்காக லண்டன்வரை போய் வந்தாராம். என் வயிறு எழுந்து நின்று கைகூப்பியது.

"இண்டைக்கு நான் விரதம்" என்றேன்.

"இண்டைக்குப் புதன்கிழமையெல்லோ?"

"புதனும் பிடிக்கிறனான்."

அவர் அடுப்படிக்குப் போனார். எனக்குத் தேநீர் போட்டுத் தந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் விசுக்கோத்து வைத்தார். அதையும் நான் தொடவில்லை. விசுக்கோத்தையும் விலக்குகிற விரதத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

நான் தங்கியது ஒரு வெள்ளைக்கார அம்மையார் நடத்தும் விடுதியில். கட்டிலில் இருந்து, அஜின்கோர்ட் கடையில் வாங்கி வந்த தட்டைவடையையும் மிக்சரையும் கடித்து முடித்தேன். காலையில் அம்மையார் மெல்லிய குரலில், "உங்கள் அறையில் எலி ஏதாவது கண்டீர்களா? நேற்று மாலை கறுக்முறுக்கென்று சத்தம் கேட்டது" என்றார். காணவில்லை என்றேன். அவர் வைத்த காலை உணவில் கறுப்பாக, வட்டமாக ஒரு துண்டு இருந்தது. பாதி சாப்பிட்டபிறகு அது என்னவென்று கேட்டேன். பன்றி இரத்தத்தில் செய்ததாம். தமிழன் சமைத்த நண்டைத் தொடக்கூடாது, இதைத் தின்னலாம். அம்மாவின் சட்டத்தில் இதற்குத் தடையில்லை.

இரண்டாம் நாள் கன்டர்பரி. அங்கே இருக்கும் பேராலயத்தைப் பார்த்ததும் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன், அதை ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு உயரம். ஒரு அரசனின் ஆட்கள் வாளோடு உள்ளே புகுந்து ஒரு மேற்றிராணியாரை, அதாவது பேராயரை, வெட்டிக் கொன்ற இடத்தைக் குகதாசன் காட்டினார். அந்த மேற்றிராணியாரின் சமாதியைக் கும்பிட மக்கள் நூற்றாண்டுக் கணக்காக முழந்தாளில் ஏறியதால் கற்படிகள் குழிந்து போயிருந்தன. "பிறகு அந்த ராசாவே வெறுங்காலோட நடந்து வந்து, முதுகில அடி வாங்கி மன்னிப்புக் கேட்டவர்" என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் நாட்டை ஆண்டவர்கள் வெறுங்காலில் நிற்பது படம் எடுக்கும்போது மட்டும்தான்.

வெளியே வரும் வழி கடைக்குள்ளால்தான் போகிறது. இங்கிலாந்தில் எந்தப் புனித இடத்திலிருந்தும் கடைக்குள்ளால் அல்லாமல் வெளியேற முடியாது. மேற்றிராணியார் வெட்டுப்பட்ட இடத்தின் படம் போட்ட சமையலறைத் துவாயை ஒரு பெண் இரண்டாக வாங்கினார், ஒன்று மாமியாருக்காம். மத்தியானம் ஒரு தேநீர்க் கடையில் ஸ்கோன் என்ற காய்ந்த பணியாரத்தில் ஜாமும் பாலாடையும் பூசித் தந்தார்கள். ஆடையை முதலில் பூசுவதா ஜாமை முதலில் பூசுவதா என்று பக்கத்து மேசையில் இரண்டு முதியவர்கள் வாக்குவாதப்பட்டார்கள். "நீ அந்தப் பக்கத்து ஆள், உனக்கு எங்கே தெரியப்போகிறது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் முகம் சிவந்து போனார். அதைக் கேட்டபோது எனக்கு நல்ல நிம்மதி. அம்மாவுக்குச் சொந்தக்காரர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள்.

அன்று மாலையும் வீட்டில் இரண்டு கோப்பை. கணவாய்ப் பொரியல். "வயிறு சரியில்லை" என்றேன். அவர் சட்டியை மூடினார். நான் போகும்வரை அவரும் சாப்பிடவில்லை. அது எனக்கு உறுத்தியது, ஆனால் உறுத்தலை வெல்லும் பசி இருந்ததால் விடுதிக்கு ஓடிப்போய் மிச்ச மிக்சரைத் தேடினேன்.

மூன்றாம் நாள் டோவர். அதிகாரியிடம் சொன்ன பொய் அன்றுதான் உண்மையானது. மலைபோல் கோட்டை, அதற்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதற்குக் கீழே கடல். ஒரு அரசன் கட்டத் தொடங்க அடுத்தவன் பெருப்பிக்க, அதற்கடுத்தவன் பீரங்கி வைக்க, எண்ணூறு வருடமாக இதே வேலை. தங்களுடைய கோட்டையில் ஒரு கல் கழன்றாலும் வேலி போட்டு, பலகை வைத்து, அதற்கு மருந்து கட்டுகிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டையை வெள்ளைக்காரரில் கடைசியாக இவர்களே வைத்திருந்துவிட்டுப் போனார்கள். அது இப்போது கிடக்கும் கோலத்துக்கு யார் பலகை வைப்பது? நான் இதைச் சத்தமாகவே கேட்டேன். குகதாசன் சிரிக்கவில்லை. மழை விட்டிருந்தது, காற்றுத்தான் ஆளைத் தூக்கியது. தூரத்தில் பிரான்ஸ் ஒரு கோடாகத் தெரிந்தது.

"உந்தப் பக்கத்தாலதான் நான் வந்தனான் அண்ணை" என்று பிரான்சின் பக்கம் கையைக் காட்டினார். "லொறிக்குள்ள, தக்காளிப் பெட்டியளுக்குப் பின்னால. தறப்பாளில ஒரு கிழிசல் இருந்தது. அதுக்குள்ளால நான் கண்ட முதல் இங்கிலாந்து இந்தக் கோட்டைதான். உது என்ன எண்டு கேக்க அண்டைக்கு ஆளில்லை. பிறகு லைபிரரியில போய் வாசிச்சன். ஒண்டை வாசிக்க மற்றது வந்தது. பத்து வருசம் நான்தான் எல்லாரிட்டையும் வழி கேட்டுத் திரிஞ்சனான். இப்ப இந்த ஊர்ச் சனம் என்னட்டைக் கேக்குது."

அதற்குமேல் அவருடைய சுவர்களைப் பற்றிப் பகிடி பண்ண எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அம்மாவின் முதலாவது கட்டளை பாக்கியிருந்தது. "கலியாணம் முடிஞ்சால் ரொறன்ரோவுக்கு வந்து இருப்பியளோ?" என்று கேட்டேன்.

"அது வதனியோட கதைக்கவேண்டிய விசயமெல்லோ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து, இரத்தம் தின்று, மூன்று நூற்றாண்டுகளில் தலையை இடித்துவிட்டு வந்தவன் நான். என்னிடம் சொல்லக்கூடாதா?

மறுநாள் காலை எனக்கு விமானம். அதனால் அன்று பின்னேரமே சமைத்து வைத்திருந்தார். திரும்பவும் நண்டு. திரும்பவும் இரண்டு கோப்பை. மூன்றாவது பொய்யை நான் காரிலேயே தயார் பண்ணியிருந்தேன், பல்வலி. வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார்.

"கை நனைக்க வேண்டாம் எண்டு அம்மா சொல்லி விட்டவவோ?"

நான் மேசையைப் பார்த்தேன்.

"எனக்கு உது புதிசில்லை அண்ணை. போன வருசம் ஜெர்மனியில இருந்து ஒருத்தர் வந்தவர். ரெண்டு நாள் நிண்டு, ரெண்டு நாளும் சாப்பிடாமல் போட்டு, போய் ஒரு கடிதம் போட்டார், சரிவராது எண்டு. அதுக்கு முதல் பாரிசில இருந்து ஒருத்தர். எல்லாருக்கும் நான் நண்டு காச்சினனான். இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசம். இந்த மேசையில என்னைத் தவிர ஒருத்தரும் சாப்பிட்டதில்லை. நீங்கள் இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, அது வேற. சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தேன். அவர் சோற்றைப் போட்டு நண்டை அள்ளி வைத்தார். நான் சாப்பிட்டேன். மூன்று நாள் பசியோடும் குற்ற உணர்வோடும் சாப்பிட்டேன், நண்டுக் காலை உடைத்து உறிஞ்சினேன். கறி அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது, இதை எழுதுவதால் எனக்கு வீட்டில் என்ன நடந்தாலும் பரவாயில்லை. அவரும் முன்னால் இருந்து சாப்பிட்டார். பாதியில் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"வதனிக்கு என்ன விருப்பம்?"

"எல்லாம் விருப்பம்" என்றேன்.

"எல்லாம் எண்டால்?"

நான் யோசித்தேன். ஒரே வீட்டில் எட்டு வருடமாக இருக்கிறோம். அவளுடைய பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியும். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதற்காக அவள் கத்தரிக்காய் சமைப்பதில்லை என்று தெரியும். அவளுக்குக் கத்தரிக்காய் விருப்பமா என்று தெரியாது. பாட்டுக் கேட்பாளா, நடப்பாளா, கடலைக் கண்டால் சந்தோசப்படுவாளா, ஒன்றும் தெரியாது. "அவ நல்லா வேலை செய்வா" என்று கடைசியில் சொன்னேன். குகதாசன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இன்னொரு நண்டுத் துண்டை என் கோப்பையில் வைத்தார்.

ஸ்காபரோ வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தது சனிக்கிழமை மத்தியானம். சூட்கேசைக் கீழே வைக்குமுன் அம்மா கேட்டார்.

"கை நனைச்சனியோ?"

"ஓம்."

அம்மா சோபாவில் இருந்துவிட்டார். "ஆரைக் கேட்டு நனைச்சனி? வாறன் எண்டவனோ இஞ்ச?"

"அதை வதனியோட கதைக்கவேணுமாம்."

"எல்லாத்தையும் கெடுத்துப்போட்டு வந்து நிக்கிறாய்."

வதனி சனிக்கிழமை ஓவர்டைம் முடித்து அப்போதுதான் வந்தாள். வேலைச் சப்பாத்தோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நண்டுக்கறியைச் சொன்னேன், பேராலயத்தைச் சொன்னேன், லொறிக் கதையைச் சொன்னேன். வீடு சுத்தம், ஆள் நல்லவர், மதில்களில் மட்டும் கொஞ்சம் பைத்தியம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னைப் பற்றி என்ன கேட்டவர்?" என்றாள்.

"உனக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாம் விருப்பம் எண்டன். நல்லா வேலை செய்வாய் எண்டும் சொன்னன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கு அவரை நல்லாப் பிடிச்சிருக்குப் போல. நீங்களே கட்டுங்கோ" என்று மட்டும் சொன்னாள். பிறகு கையை நீட்டி, "நம்பரைத் தாங்கோ" என்றாள். ரெலிபோன் அட்டையையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன கதைக்கிறாள் எண்டு போய்க் கேளடா" என்று அம்மா கண்ணைக் காட்டினார். நான் போகவில்லை. கடல் கடந்து போய் விசாரித்த இலட்சணம் எனக்கே போதுமாக இருந்தது. அம்மாவே எழுந்து போய்க் கதவில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தார். இருபது நிமிடம் போயிருக்கும். வதனி வெளியே வந்தாள். சப்பாத்து இன்னும் காலில் இருந்தது.

"என்னவாம்?" என்றார் அம்மா. "இஞ்ச வாறானாமோ?"

"அது கதைக்கேல்லை." அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "எனக்குப் பழைய மதில் ஒண்டும் விருப்பமில்லை எண்டு சொன்னனான். அவர் சிரிச்சவர். அப்ப என்ன விருப்பம் எண்டு கேட்டவர். எனக்குத் தெரியேல்லை அண்ணை. முப்பத்துநாலு வயசாகுது. யோசிச்சுப்போட்டு நாளைக்கு ரெலிபோன் எடுக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன்."